முதலாண்டுத் தம்பிக்கு ஒரு மைக் கொடுங்கள்!



ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் கவிதை கொடுப்பார்கள். மீதிப் பேர் ‘நட்பு’, ‘லட்சியம்’, ‘தாய்’ என்று கட்டுரை கொடுப்பார்கள். எனக்குக் கவிதை வராது. லட்சியம் பற்றி எழுத இன்னும் வயசு பத்தாது. ஆகவே மூன்று வருடமாக மனசில் கிடக்கும் ஒரு கோரிக்கையை நம் மாணவர் பேரவையின் முன்னால் வைக்கிறேன்.

கோரிக்கை ஒரே வரிதான். நம் கல்லூரி இசைக்குழுவில் முதலாண்டு மாணவ மாணவியரைச் சேர்ந்த மாதமே சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘செலக்‌ஷன்’ என்ற பெயரில் தேர்வு வைக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

“இதுக்கு ஒரு கட்டுரையா? மெஸ் இருக்கு, பஸ் பாஸ் இருக்கு, லேப் இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு பாட்டு கூத்துன்னு பேசறானே!” என்று யாராவது முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது பாட்டு சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல.

மூன்றே வருடக் கணக்கு

என்ஜினீயரிங் காலேஜில் நான்கு வருடம். ஆர்ட்ஸ் காலேஜில் இளங்கலை, முதுகலை என்று ஐந்து வருடம் ஒரே காம்பவுண்டுக்குள் இருப்பவர்களும் உண்டு. நமக்கு மூன்றே வருடம். ஐ.டி.ஐ. அல்லது பிளஸ் டூ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் வந்து சேருகிறவர்களுக்கு இரண்டே வருடம். இதற்குள் நாம் வைத்திருக்கும் எழுதாத சட்டம் என்ன? முதல் வருடம் கை தட்டு. இரண்டாம் வருடம் ஸ்பீக்கர் தூக்கு. மூன்றாம் வருடம் பாடு. பாடி முடிப்பதற்குள் டி.சி.யை வாங்கிக்கொண்டு கிளம்பு!

கணக்குப் போட்டுப் பாருங்கள். குழுவில் 12 பேர் என்று வையுங்கள். மூன்று ஆண்டுக்காரர்களும் சமமாக இருந்தால் வருடா வருடம் 4 பேர் போவார்கள், 8 பேர் மிஞ்சுவார்கள். முதலாண்டை விட்டுவிட்டால் 6 பேர் போய் 6 பேர்தான் மிச்சம். மூன்றாம் ஆண்டுக்காரர்களே மைக்கைப் பிடித்துக்கொண்டால்? பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் போய்விடுவார்கள். அடுத்த வருடம் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்.

போவது ஆள் மட்டும் அல்ல. எந்தப் பாட்டை எந்தக் கட்டையில் எடுத்தால் எல்லாருக்கும் எட்டும், எந்தப் பாட்டில் தபேலா எங்கே நிறுத்தித் தொடங்க வேண்டும், ஆடிட்டோரியத்தில் மைக்கை எங்கே வைத்தால் கூவாது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஒருவன் பக்கத்தில் நின்று இன்னொருவன் கற்றுக்கொள்ளும் விஷயங்கள். பக்கத்தில் நிற்க ஆளே இல்லையென்றால் யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது? மெஷின் ஷாப்பில் லேத்தைத் தொடாமல் இரண்டு வருடம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தவனிடம் மூன்றாம் வருடம் ஜாப் கொடுத்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

‘பாடு’ என்பதும் ‘பாட வா’ என்பதும்

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் கசப்பு. ஆனாலும் சொல்ல வேண்டும்.

ஒரு முதலாண்டு மாணவன் கல்லூரிக்கு வந்து முதன்முதலாகப் பாடுவது எங்கே? மேடையில் இல்லை. பஸ் ஸ்டாப்பில், சைக்கிள் ஸ்டாண்டில், ஹாஸ்டல் வராந்தாவில். நாலு சீனியர்கள் சுற்றி நின்று, “டேய், ஒரு பாட்டுப் பாடுடா” என்று அதட்ட, தலையைக் குனிந்துகொண்டு பாடுவான். பாடினால் சிரிப்பு. பாடாவிட்டால் வேறு தண்டனை. “சும்மா ஜாலிக்குத்தானே” என்பார்கள். நான் சேர்ந்த வருடம் எனக்கும் ஒரு பஸ் ஸ்டாப்பில் இந்த மரியாதை நடந்தது. பெரிய கொடுமை ஒன்றும் இல்லை. ஆனால் அன்று பாடிய அந்தப் பாட்டை அதற்கப்புறம் நான் வாய்விட்டுப் பாடியதே இல்லை. பிடித்த பாட்டு வேறே!

ஜாலி எங்கே முடியும் என்று நமக்குத் தெரியும். 1996 நவம்பரில், நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் வந்துவிடும் சிதம்பரத்தில், பொன் நாவரசு என்ற முதலாண்டு மருத்துவ மாணவர் ராகிங்குக்குப் பலியானார். அதன் பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-இல் யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் நாடு முழுவதற்கும் விதிமுறைகள் கொண்டுவந்தன. கல்லூரியில் சேரும்போது நீங்களும் உங்கள் அப்பா அம்மாவும் ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டீர்களே, அது இந்த விதிமுறைப்படி வந்ததுதான்.

சட்டம் வந்தது ரொம்ப நல்லது. ஆனால் சட்டத்தால் “அவனிடம் பேசாதே, கிட்டப் போகாதே” என்றுதான் சொல்ல முடியும். “அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வை” என்று சட்டம் சொல்லாது. அதை நாம்தான் செய்ய வேண்டும். இப்போதெல்லாம் சீனியர்கள் பயந்துகொண்டு ஜூனியர் பக்கம் தலை வைத்துப் படுப்பதே இல்லை. ஜூனியரும் சீனியரைக் கண்டால் வேறு வழியாகப் போகிறான். அதட்டல் போனது, ஆனால் அந்த இடத்தில் அன்பு வந்து உட்காரவில்லை. வெறும் இடம்தான் இருக்கிறது.

அந்த வெறும் இடத்தை நிரப்பச் சரியான ஆள் இசைக்குழு. “பாடுடா” என்று அதட்டுவதும் “பாட வாடா தம்பி, நாங்களும் கூடப் பாடுறோம்” என்று கூப்பிடுவதும் கேட்பதற்கு ஒன்று போலத் தோன்றும். முதலாவதில் அவன் தனியாகப் பாட, மற்றவர்கள் சிரிப்பார்கள். இரண்டாவதில் எல்லாரும் பாடுவார்கள். சிரிப்பதற்கு எதிரே யாரும் நிற்க மாட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் பதினைந்து, பதினாறு வயதில் புது இடத்துக்கு வந்து நிற்கிற பையனுக்கு அந்த வித்தியாசம் சின்னது அல்ல.

செலக்‌ஷன் யாரைப் பொறுக்கும்?

“சரிப்பா, சேர்ப்போம். ஆனா நல்லாப் பாடறவனைப் பாத்துச் சேர்ப்போம். அதுக்குத்தானே செலக்‌ஷன்?” இதுதான் அடுத்த கேள்வி.

செலக்‌ஷன் அன்றைக்கு என்ன நடக்கிறது? ஒரு மைக், ஒரு போன், போனில் கரோக்கி ட்ராக். யார் துணிந்து முன்னால் வருகிறார்கள்? ஏற்கனவே கீபோர்டு கிளாஸோ பாட்டு கிளாஸோ போனவர்கள், பள்ளிக்கூடத்திலேயே மேடை ஏறியவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் மாசாமாசம் ஃபீஸ் கட்டிப் பாட்டு கிளாஸுக்கு அனுப்ப நம்மில் எத்தனை வீட்டால் முடிந்தது? அப்பா ஆட்டோ ஓட்டுபவர், அம்மா கம்பெனி வேலைக்குப் போகிறவர் என்றுதானே நம்மில் பாதிப் பேர் வந்திருக்கிறோம்? அந்தத் தேர்வு குரலைச் சோதிப்பதாக நாம் நினைக்கிறோம். பாதி நேரம் அது வீட்டு வசதியைத்தான் சோதிக்கிறது.

“எஸ்.பி.பி. என்ன கிளாஸுக்கா போனார்?” என்று உடனே எல்லாரும் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தை இழுப்பார்கள். நல்ல உதாரணம்தான், முழுசாகப் பார்ப்போம். அவரும் நம்மைப் போல டெக்னிக்கல் லைன். அனந்தப்பூரில் பொறியியல் சேர்ந்தார். டைபாய்டு வந்து படிப்பை விட்டார். பிறகு சென்னைக்கு வந்து ஏ.எம்.ஐ.இ. படித்தார். 1966-இல் சினிமாவில் பாட ஆரம்பித்தார். முறையாகச் சாஸ்திரிய சங்கீதம் படிக்காதவர் ‘சங்கராபரணம்’ படத்துக்குப் பாடித் தேசிய விருது வாங்கினார். 2020 செப்டம்பர் 25-இல் அவர் மறைந்தபோது நம்மில் கலங்காதவர் யார்? ஆனால் அவர் ஒற்றை ஆளாக வளர்ந்துவிடவில்லை. அந்த நாளில் அவருக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதில் வாசித்தவர்களில் இளையராஜாவும் கங்கை அமரனும் உண்டு. யோசித்துப் பாருங்கள், பிற்காலத்தில் எவ்வளவு பெரிய ஆட்கள்! அன்றைக்கு அவர்கள் எல்லாரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்த இளைஞர்கள்.

அந்த இளையராஜா எப்போது குழுவில் சேர்ந்தார்? அண்ணன் பாவலர் வரதராசன் நடத்திய குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 14. நம் முதலாண்டு மாணவனைவிட ஒரு வயது சின்னவர். ஊர் ஊராகப் போய் வாசித்தார். ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். நடுவில் எத்தனை வருடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ‘நீ நல்லா வாசிக்கக் கத்துக்கிட்டு அப்புறமா வா’ என்று அந்த அண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தால்?

நம் குழுவிலிருந்து இன்னொரு இளையராஜா வருவார் என்று நான் அளக்கவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் பம்பு கம்பெனியிலும் செல்போன் கம்பெனியிலும் மின்துறையிலும் வேலைக்குப் போகிறவர்கள்தான். நான் சொல்வது, நீந்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

எங்கள் தெருவில் செலக்‌ஷன் கிடையாது

நான் ரெட்டியார்பாளையத்துக்காரன். விழுப்புரம் ரோட்டில் பஸ் சத்தமும் ஹாரன் சத்தமும் போக மிச்சமுள்ள நேரத்தில் எங்கள் பகுதியில் பாட்டுச் சத்தம் கேட்கும். அந்திரேயா கோவிலில் பாடற்குழுப் பாட்டு. மார்கழியில் விடியற்காலையில் பஜனை. கல்யாண வீடுகளில் பேண்டு செட்டும் மெல்லிசையும். ஆடி மாசம் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? மாதா கோவில் பாடற்குழுவானாலும் சரி, மார்கழி பஜனையானாலும் சரி, உள்ளே வரும் சின்னப் பிள்ளையை யாரும் “எங்கே, ஒரு பல்லவி பாடு பாக்கலாம்” என்று சோதிப்பதில்லை. பெரியவர்கள் நடுவில் நிறுத்திவிடுவார்கள். ஜால்ராவைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தாளம் தப்பினால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் லேசாக இடிப்பார். அவ்வளவுதான் பயிற்சி. நாலு வருடத்தில் அந்தப் பிள்ளை தானாக எடுத்துக் கொடுக்கும். நம் ஊர் ஜனங்கள் காலம்காலமாகக் குரலை வளர்த்த வழி இது. படித்தவர்கள் கூடிய கல்லூரிக்குள் வந்ததும் இந்த வழி எப்படி மறந்துபோனது?

கூடிப் பாடுவதை ஒரு இயக்கமாகவே செய்தவர் எம்.பி.சீனிவாசன். ‘எம்.பி.எஸ்.’ என்றால் மலையாள சினிமா ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். மாணவப் பருவத்திலேயே மாணவர் இயக்கத்தில் இருந்தவர். சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்க உழைத்தவர். 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர்களைச் சேர்த்து ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்ற சேர்ந்திசைக் குழுவை ஆரம்பித்தார். பாடுவதைத் தொழிலாகக் கொள்ளாதவர்களை வைத்துக்கொண்டு பாரதியார் பாடல்களைப் பல குரல்களாகப் பிரித்து, சேர்த்துப் பாட வைத்தார். 1988 மார்ச் 9-இல் லட்சத்தீவில் அவர் உயிர் பிரிந்தது. அங்கேயும் சேர்ந்திசைக்காகத்தான் போயிருந்தார். பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்து வருடம் வாழ்ந்த ஊர் நம் ஊர். அவருடைய பாட்டைச் சென்னையில் கூட்டமாகப் பாடுகிறார்கள். புதுச்சேரியில் படிக்கிற நாம் போனில் ட்ராக் போட்டுத் தனித்தனியாகப் பாடுகிறோம். நியாயமா?

நம் ஊருக்கு இன்னொரு உறவும் உண்டு. பிரான்சில் 1982-இல் ஜூன் 21-ஆம் நாளை இசைத் திருநாளாக ஆக்கினார்கள். தொழில்முறைக் கலைஞர்கள் மட்டும் அல்ல, வாசிக்கத் தெரிந்த எவரும் வீட்டைவிட்டு வெளியே வந்து தெருவில் வாசிக்கலாம். கேட்பவர்களுக்கு டிக்கெட் கிடையாது. ‘ஃபெத் தெ லா முயிசிக்’ என்பது அதன் பெயர்: இசைத் திருவிழா என்று பொருள். பிரெஞ்சு தெரிந்தவர்களைக் கேளுங்கள், இதையே வேறு எழுத்தில் எழுதினால் அதே உச்சரிப்பில் ‘நீங்களும் இசை செய்யுங்கள்’ என்றும் பொருள் வரும். அந்த நாளை நம் புதுச்சேரியிலும் கொண்டாடி வருகிறார்கள். ‘கேளுங்கள்’ என்று சொல்லவில்லை பாருங்கள், ‘செய்யுங்கள்’ என்கிறது. ‘முதலில் தேறுங்கள்’ என்றும் சொல்லவில்லை.

கட்டை என்ற ஒன்று

“குரலே இல்லாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?” என்று கேட்பவர்களுக்கு டெக்னிக்கலாகவே பதில் சொல்கிறேன்.

பையன்களுக்குக் குரல் உடைவது பதின்மூன்றிலிருந்து பதினாறு வயதுக்குள். குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். முதலாண்டில் வந்து சேருகிறவனுக்குப் புதுக் குரல் இன்னும் கைக்குப் பழகவில்லை. எட்டாம் வகுப்பில் கணீரென்று பாடிய பாட்டு இப்போது தொண்டையில் சிக்குகிறது. “நமக்குப் பாட்டு போச்சுடா” என்று முடிவு கட்டிவிடுகிறான். போகவில்லை தம்பி, இடம் மாறியிருக்கிறது! அவன் பாட வேண்டிய கட்டை வேறு.

கரோக்கி ட்ராக்கை அப்படியே போட்டால், சினிமாவில் பாடியவர் எந்தக் கட்டையில் பாடினாரோ அதே கட்டையில்தான் நம் பையனும் பாட வேண்டும். மேலே எட்டாமல் கத்துவான். செலக்‌ஷனில் நாம் ‘குரல் இல்லை’ என்று எழுதிவிடுவோம். அதே பையனுக்கு ஒரு ஆர்மோனியமோ கீபோர்டோ வைத்து ஒரு கட்டை இறக்கிக் கொடுத்துப் பாருங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் எதற்கு இருக்கிறது? ஆண்களுக்குப் பொதுவாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, பெண்களுக்கு ஐந்து கட்டை, ஐந்தரை என்பார்கள். இருவரும் சேர்ந்து பாட வேண்டுமானால், ரொம்ப மேலேயும் ரொம்பக் கீழேயும் ஓடாத பாட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். அல்லது ஒரு வரி அவர்கள், ஒரு வரி இவர்கள் என்று பிரிக்க வேண்டும். இதெல்லாம் குழுவாக உட்கார்ந்து கண்டுபிடிக்கிற வேலை. பாடுகிறவனின் தலையெழுத்து அல்ல.

அப்புறம், பாடாதவனுக்கும் குழுவில் வேலை இருக்கிறது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் என்னைக் குழுவுக்குள் கூட்டிப்போனது என் குரல் அல்ல, சாலிடரிங் அயர்ன்! ரிகர்சலில் மைக் வயர் ஒன்று பின்னுக்குப் பக்கத்தில் அறுந்து கரகரவென்று சத்தம் போட்டது. சிவில் பிரிவு அண்ணன் ஒருவர் வெளியே வந்து, “யாருக்காவது சாலிடர் வைக்கத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். வைத்துக் கொடுத்தேன். “சரி, இங்கேயே நில்லு தம்பி, மறுபடியும் அறுந்தா வேணும்” என்றார். நின்றேன். நின்றவனைச் சும்மா நிற்க விடாமல் கோரஸில் சேர்த்துவிட்டார்கள். இன்றைக்குப் பெரிய பாடகன் ஆகிவிட்டேன் என்று சொல்லவில்லை. கோரஸில் சுருதி விலகாமல் நிற்பேன். விலகினால் விலகியது எனக்கே தெரியும். அது போதாதா?

மைக் ஏன் கூவுகிறது? ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தை மைக் மறுபடி வாங்கி, ஆம்ப்ளிஃபையர் மறுபடி பெருக்கி, சுற்றிச் சுற்றி வருவதால். புத்தகத்தில் ‘பாசிட்டிவ் ஃபீட்பேக்’ என்று நாலு மார்க்குக்குப் படித்ததை நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் மைக்கைத் தள்ளி வைத்தபோதுதான் புரிந்துகொண்டேன். எலக்ட்ரிக்கல்காரன் வயரிங் பார்க்கலாம், மெக்கானிக்கல்காரன் ஸ்டாண்டு செய்யலாம், சிவில்காரன் மேடை போடலாம். பாலிடெக்னிக்கைப் போல இசைக்குழுவுக்கு ஏற்ற இடம் வேறு எது?

மூன்று ஆட்சேபணைகள்

ஒன்று: தரம் குறையும். போட்டிகளுக்குப் போகும்போது தேர்ந்தெடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பல்கலைக்கழக இளைஞர் விழாக்களில் குழுப்பாடல் என்றால் ஆறு பேர்தான் பாடலாம் என்று விதியே இருக்கிறது. போட்டிக்கு ஆறு பேர். கல்லூரிக்கு ஏன் ஆறு பேர்? நாற்பது பேர் சேர்ந்து பாடினால் நாலு பேர் சுருதி விலகியது மற்ற முப்பத்தாறு பேர் குரலில் அமுங்கிப்போகும். தனியாகப் பாடுகிறவன் விலகினால்தான் ஊருக்கே கேட்கும். தரத்துக்குப் பயந்தால் கூட்டத்தைத்தான் பெரிதாக்க வேண்டும்.

இரண்டு: படிப்பு கெடும், அரியர் விழும். முதல் வருடம் கணக்கும் பிசிக்ஸும் நம்மைப் பாடாய்ப் படுத்துவது உண்மைதான். ஆனால் அரியர் விழுவது வாரத்தில் இரண்டு நாள் நாற்பது நிமிஷம் பாடியதாலா? சந்தேகம் கேட்க ஒரு சீனியர் கூடத் தெரியாமல் தனியாகத் திண்டாடியதால்தான் பலருக்கு விழுகிறது என்பது என் அபிப்பிராயம். குழுவில் இருந்த எனக்கு எம்-ஒன் நோட்ஸும் பழைய கேள்வித்தாளும் கேட்காமலேயே கிடைத்தன. எந்தப் பேப்பருக்கு எந்த யூனிட்டை விடக்கூடாது என்று ரிகர்சல் இடைவேளையில் சொல்லிக் கொடுத்தார்கள்.

மூன்று: பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள். இதுதான் நம்மில் பலர் வாய் கூசாமல் சொல்லும் காரணம். வர மாட்டார்கள் என்று யார் சொன்னது? ரிகர்சலை ஐந்து மணிக்கு மேல் வைத்தால் எப்படி வருவார்கள்? எங்கள் ரெட்டியார்பாளையம் வழியாகத்தான் வில்லியனூர், திருபுவனை, மதகடிப்பட்டுக்கெல்லாம் பஸ் போகிறது. சாயங்காலப் பஸ்ஸில் நம் கல்லூரித் தங்கைகள் தொற்றிக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பஸ்ஸை விட்டால் வீடு போக இருட்டிவிடும், ஒரு நாள் இருட்டினால் மறுநாள் வீட்டில் கேள்வி, மூன்றாம் நாள் “பாட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்.” குறை அவர்களுடைய ஆர்வத்தில் இல்லை, நம் டைம் டேபிளில் இருக்கிறது. மதிய உணவு இடைவேளையில் வையுங்கள். அப்புறம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வாழ்த்துப் பாடலில் ஆரம்பிப்போம்

எங்கே தொடங்குவது? வெகு தூரம் போக வேண்டாம். ஒவ்வொரு விழாவும் எதில் தொடங்குகிறதோ அதிலேயே தொடங்குவோம்.

நம் புதுச்சேரி அரசின் தமிழ்த்தாய் வாழ்த்து நம் ஊர்க் கவிஞர், 1891-இல் இங்கே பிறந்து தமிழாசிரியராக வேலை பார்த்த பாரதிதாசன் எழுதியது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் விழாக்களில் என்ன செய்கிறோம்? போனை மைக்குப் பக்கத்தில் பிடிக்கிறோம். நடுவில் ஒரு கால் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே நிற்கிறோம். எழுநூறு பேர் எழுந்து நின்று, வாயை மூடிக்கொண்டு, ஒரு போனைக் கேட்கிறோம்!

பக்கத்தில் தமிழ்நாட்டைப் பாருங்கள். மனோன்மணீயம் சுந்தரனாரின் பாடலை 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றார்கள்; எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டமைத்தார். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, 55 விநாடிகளில் பாட வேண்டும் என்றும், விழாக்களில் பதிவை ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வாயால் பாட வேண்டும் என்றும் ஆணையிட்டார்கள். நமக்கு ஆணை எதற்கு? ஆசை இருந்தால் போதாதா?

ஆகவே பேரவைக்கு என் வேண்டுகோள்கள்:

1. முதலாண்டு வகுப்புகள் தொடங்கிய இரண்டாவது வாரமே இசைக்குழுவினர் வகுப்பு வகுப்பாகச் சென்று, ஆசிரியர் முன்னிலையில், “பாட வாருங்கள்” என்று அழைக்க வேண்டும். ஆசிரியர் முன்னிலையில் என்பது முக்கியம். வீட்டாருக்கும் நம்பிக்கை வரும்.

2. பெயர் கொடுத்த அனைவரையும் சேர்ந்திசையில் சேர்க்க வேண்டும். தேர்வு வெளிப் போட்டிகளுக்கு மட்டும்.

3. பயிற்சி வாரம் இரண்டு நாள், மதிய இடைவேளையில்.

4. ஒரு பாட்டு நோட்டு வைக்க வேண்டும். பாட்டு, கட்டை, தாளம், யார் எங்கே எடுப்பது என்று எழுதி, மூன்றாம் ஆண்டுக்காரர் போகும்போது முதலாண்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

5. பேரவை நிதியிலிருந்து ஒரு ஆர்மோனியமும் ஒரு ஜோடி தபேலாவும் வாங்க வேண்டும். சொந்தமாக வாங்க முடியாதவனும் தொட்டுப் பழக வேண்டும். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் இசை படிக்கும் மாணவர்களை மாதம் ஒரு முறை அழைத்து நாலு விஷயம் கேட்டுக்கொள்ளலாம்.

6. எல்லா விழாக்களிலும் தமிழ்த்தாய் வாழ்த்தை முதலாண்டு மாணவ மாணவியரைக் கொண்ட குழுவே நேரில் பாட வேண்டும். போன் பையில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்ய ஆகும் செலவு, நாம் ஆண்டு விழாவுக்கு வெளியிலிருந்து ஒரு டி.ஜே.வை வரவழைக்கும் செலவைவிடக் குறைவுதான்.

முதலாண்டுத் தம்பி, தங்கைகளே! கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மலர் உங்கள் கையில் வரும்போது நான் மூன்றாம் ஆண்டை முடித்துக்கொண்டு வெளியே போகிற வாசலில் நிற்பேன். நீங்கள் யாரும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். மதியம் சாப்பிட்ட கையோடு ரிகர்சல் நடக்கும் அறைக்கு வாருங்கள். “பாடத் தெரியுமா?” என்று யாராவது கேட்டால், “கூடப் பாடத் தெரியும்” என்று சொல்லுங்கள். பின் வரிசையில் இடம் இருக்கிறது. கொஞ்சம் நெருக்கி நின்றால் இன்னும் நாலு பேருக்கு இடம் இருக்கும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். குரல் கூடட்டும்!

— ரெட்டியார்பாளையத்து மாணவன்,
மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு